ஒந்து நிமிஷ, ஹோகுத்தே

சாகும் தறுவாயில் மனிதன் உண்மை பேசுவான் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நானே பேசியிருக்கிறேன். என்ன, சாகத்தான் இல்லை.

அப்போது ஓசூரில் ஒரு வண்டி உதிரிபாகக் கம்பெனியில் நான் கான்ட்ராக்ட் தொழிலாளி. பெண் வீட்டாரிடம் மட்டும் பர்மனென்ட். (பர்மனென்ட் என்றால் எங்கள் பக்கம் ஜாதகம்கூடக் கேட்க மாட்டார்கள்.) கல்யாணத்துக்குப் பத்து நாள் இருக்கையில் கடைவாய்ப் பல் வலியில் கன்னம் வீங்கிவிட்டது. காவேரிப்பட்டினத்திலிருந்து பத்திரிகை வைக்க வந்திருந்த பெண்ணின் அண்ணன் முருகேசன், "வா மாப்ள, புடுங்கிடலாம்" என்று பல் டாக்டரிடம் இழுத்துப் போனார். பயத்தில் வழியிலேயே மூன்று காபி குடித்தேன்.

டாக்டர் ஈறில் ஊசி போட்டார். அரை நிமிடம்கூட ஆகவில்லை, நெஞ்சு தடதடவென்று அடித்துக்கொண்டது. "டாக்டர், நெஞ்சு!" என்றேன். அவர் நர்ஸைப் பார்த்துக் கன்னடத்தில் அமைதியாகச் சொன்னார்: "ஒந்து நிமிஷ, ஹோகுத்தே."

எனக்குத் தெரிந்த கன்னடமெல்லாம் பெங்களூர் பஸ்ஸில் கற்றது. ஹோகுத்தே என்றால் போயிடும். எது போகும் என்று கேட்கவா வேண்டும்? ஐயோ, அந்தப் பெண்ணை ஏமாற்றிவிட்டா சாகப்போகிறேன் என்று நிஜமாகவே அழுகை வந்தது. முருகேசன் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"மச்சான், நான் பர்மனென்ட் இல்ல. கான்ட்ராக்ட்டு. உங்க தங்கச்சிய வேற நல்ல எடத்துல குடுத்துடுங்க."

பாதி உதடு மரத்திருந்தது. ஆனாலும் பாழாய்ப்போன அந்த வார்த்தைகள் மட்டும் தெளிவாக வந்து தொலைத்தன.

"ஏன் சார் அழறீங்க?" என்றார் டாக்டர். "ரத்தம் ரொம்ப வராம இருக்க மருந்துல கொஞ்சம் அட்ரினலின் சேர்த்திருக்கு. அதான் படபடப்பு. ஒரு நிமிஷத்துல போயிடும்னு சொன்னேன். காபி கீபி குடிச்சீங்களா?"

அவர் சொன்னபடியே படபடப்பு போனது. முருகேசனும் எழுந்து போனார், எதிரே இருந்த எஸ்.டி.டி. பூத்துக்கு. கண்ணாடிக்குள் அவர் கையை வீசி வீசிப் பேசுவது நாற்காலியிலிருந்தே தெரிந்தது. பல்லை எப்போது பிடுங்கினார்கள் என்று எனக்கு இன்றும் தெரியாது.

திரும்பி வந்தவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே சொன்னார்: "நான் வேணாம்னுதான் சொன்னேன். 'உசுரு போறப்பகூட என்னப் பத்தி நெனச்சாரில்ல, விடுண்ணா'ன்றா."

இன்றும் நான் வீட்டில் எதைச் சொன்னாலும் என் மனைவி முதலில் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்க்கிறாள்.

"நிதானமாத்தான் அடிக்குது," என்பாள் மகளிடம். "அப்பா பொய் சொல்றாரு."