விசிலு பல் கட்டிக்கொண்ட கதை

விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் இடையே, வாயில் இல்லாத ஒரு பல்லை வைத்தே பஸ் ஓட்டிய மனிதர் உலகத்தில் ஒருவர்தான். அவர் டிரைவர்கூட இல்லை, கண்டக்டர். தொண்ணூற்று மூன்றிலிருந்து அந்தத் தனியார் பஸ்ஸில்தான் நான் திண்டிவனத்தில் டீச்சராக வேலை பார்த்த பள்ளிக்கூடத்துக்குப் போய்வந்தேன். சொந்தப் பெயர் என்னவோ, எங்களுக்கெல்லாம் அவர் விசிலு. வீட்டில் மனைவியும் அப்படித்தான் கூப்பிடுவார் என்று கேள்வி.

ஒருமுறை டிரைவர் போட்ட பிரேக்கில் கம்பியில் முட்டி, அவருடைய மேல்வரிசை முன்பல் ஒன்று போனது. வேறு யாராவது என்றால் பல் டாக்டரிடம் ஓடியிருப்பார். இவர் வலி அடங்கியதும் அந்தச் சந்து வழியாகக் காற்றை விட்டுப் பார்த்தார். ஊரே திரும்பிப் பார்த்தது. முதலாளி கொடுத்திருந்த விசிலை அன்றைக்கே மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, விற்கிற பெண்ணின் குழந்தைக்குக் கொடுத்துவிட்டார்.

ஒரு விசில் என்றால் நிற்கணும், இரண்டு என்றால் கிளம்பணும். அது எல்லா பஸ்ஸுக்கும் பொது. இவரிடம் மூன்றாவதாக ஒன்று இருந்தது. கீழே ஆரம்பித்து மேலே ஏறி, வளைந்து இறங்கும் நீள விசில். ஆள் ஓடி வருகிறது, கொஞ்சம் பொறு என்று அர்த்தம். அதற்கு நிரந்தரச் சொந்தக்காரி நான். கொசுவத்தைப் பிடித்துக்கொண்டு நான் ஓடாத நாள் ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான்.

"மெதுவா வாங்க டீச்சரு. வுட்டுட்டா போயிடுவோம்?" என்பார்.

இப்படி இருக்கும்போது அவர் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. அந்தப் பெண் நகை கேட்கவில்லை, புடவை கேட்கவில்லை.

"அப்பா, நீ ஒரு போட்டோலயும் வாயத் தொறந்ததில்ல. என் கல்யாணத்துல பல்லு தெரிய சிரிச்சிக்கினு நிக்கணும்."

மகள் கேட்டு மறுத்துப் பழக்கமில்லாத மனிதர். விழுப்புரத்தில் ஒரு பல் டாக்டரைப் பார்த்தார். டாக்டர் இரண்டு வழி சொன்னார். பக்கத்துப் பல் இரண்டையும் ராவித் தேய்த்து, மூடி போட்டு, நடுவில் பொய்ப்பல்லை நிரந்தரமாக ஒட்டிவிடுவது ஒன்று. ராவின பல் ராவினதுதான், பழையபடி ஆகாது. மற்றது கழற்றி மாட்டுகிற பல் செட்டு.

"உங்களுக்கு எது முக்கியம், அழகா, மெல்றதா?" என்று டாக்டர் கேட்டிருக்கிறார்.

"விசிலு, சார்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டாராம்.

முடிவெடுக்கத் தெரியாமல் விசிலு விவகாரத்தை பஸ்ஸுக்குக் கொண்டுவந்தார். டிக்கெட் கிழித்துக்கொண்டே ஆளாளுக்கு வாயைத் திறந்து காட்டினார்.

"ஒட்டிடுப்பா. கழட்டி வெச்சா எலி தூக்கிக்கினு பூடும்" என்றார் கோலியனூர்ப் பெரியவர் ஒருவர்.

"நல்லா கீற பல்ல எதுக்கு ராவணும்? கழட்டறதே மாட்டிக்க" என்றார் மரக்காணத்து மீன்கார அம்மா.

விக்கிரவாண்டி வருவதற்குள் இடது பக்க சீட்டெல்லாம் ஒட்டுப்பல் கட்சி, வலது பக்கமெல்லாம் கழற்றுப்பல் கட்சி. நானும் திருத்தாத விடைத்தாளை மடியில் வைத்துக்கொண்டு ஒட்டுப்பல்லுக்காகத் தொண்டை வற்ற வாதாடினேன். ஒட்டிவிட்டால் என் விசில் என்னாகும் என்ற எண்ணமே எனக்கு வரவில்லை. டிரைவர் மட்டும் திரும்பாமலே சொன்னார்: "வாயி அவனுது. ஆனா அந்த ஓட்டை இந்த வண்டியோடது. யாரும் கை வெக்காதீங்க."

டாக்டர் கெட்டிக்காரர். ஒட்டுவதற்கு முன்னால் கழற்றுகிற செட்டு ஒன்றைக் கொடுத்து, சில நாள் மாட்டிப் பழகச் சொன்னார். மறுநாள் விசிலு மாப்பிள்ளை மாதிரி வந்தார். கூட்டேரிப்பட்டில் இறங்குகிற ஆளுக்காக வாயைக் குவித்தார். 'புஸ்ஸ்' என்றது. டிரைவர் டயர் போய்விட்டது என்று வண்டியை ஓரங்கட்டி, இறங்கி ஒவ்வொரு டயராக உதைத்துப் பார்த்தார். பஸ்ஸே இறங்கி நின்று வேடிக்கை பார்த்தது.

அதற்கு அடுத்த நாள் நான் வழக்கம்போல ஓடினேன். பஸ் நிற்கவில்லை. பின்படியில் விசிலு கன்னம் உப்ப ஊதிக்கொண்டும் கையை ஆட்டிக்கொண்டும் போனார். அவர் முகத்தைப் பார்த்து, பஸ்ஸை விட்டதில் ஒரு நாள் லீவு போன கவலையே எனக்கு மறந்துவிட்டது. பாவம், அழுதுவிடுவார் போல இருந்தது.

மறுநாள் அவரே சொன்னார். "ஒட்டறது வேணாம் டீச்சரு. கல்யாணத்துக்கு மாட்டிக்கிறேன், வண்டியில கழட்டிடறேன். பொண்ணு சிரிக்கத்தான் சொன்னா. ஒட்டிக்கினு சிரின்னு சொல்லல."

திண்டிவனத்தில் கல்யாணம். மேடையில் அவர் சிரித்த சிரிப்பு முகூர்த்தத்தில் தொடங்கிப் பந்தி முடியும் வரை நிற்கவே இல்லை. மகள் அவரைப் பார்த்துச் சிரித்தாள், கொஞ்சம் அழவும் செய்தாள்.

சாப்பிட்டுவிட்டு மண்டபத்துக்கு வெளியே வந்தேன். விழுப்புரம் பஸ் ஒன்று நகர்ந்துகொண்டிருந்தது. பட்டுப்புடவையோடு ஓடினேன். அது வேறு பஸ், வேறு டிரைவர். எனக்குப் பின்னாலிருந்து அந்த நீள விசில் கிளம்பியது. அந்த ரோட்டில் ஓடுகிற டிரைவர் யாருக்குத்தான் அது தெரியாது? பஸ் நின்றது.

திரும்பிப் பார்த்தேன். மண்டப வாசலில் பட்டு வேட்டியோடு விசிலு, பல் செட்டு கையில்.

"ஏறுங்க டீச்சரு. போட்டோல்லாம் எடுத்தாச்சு."

இப்போது நான் ரிட்டயர் ஆகிவிட்டேன், எந்த பஸ்ஸுக்கும் ஓட வேண்டியதில்லை. ஆனாலும் பஸ் ஸ்டாண்டில் யாராவது ஓடி வந்தால், அவர்களுக்காக என் காது அந்த விசிலை எதிர்பார்க்கிறது. இத்தனை வருஷத்தில் எனக்காக ஒரு பஸ்ஸையே நிறுத்தி வைத்தவர் அவர் ஒருவர்தான்.