வீட்டில் ஆள் உண்டா

“அண்ணாச்சி, இன்னைக்குக் குளிப்பா, வெளிக்கியா?”

கிருபை வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கேட்டுவிடுவாள். கேட்டுத்தான் ஆக வேண்டும். வீட்டுக்கே ஆள் அனுப்பிப் பராமரிக்கும் அறக்கட்டளை, சொரிமுத்துவுக்கு ஒதுக்கியிருந்தது ஒரு நாளைக்கு நாற்பத்தைந்து நிமிடம். அதற்குள் குளிப்பாட்டலாம், அல்லது வெளிக்கிருக்க வைத்துக் கழுவிவிடலாம். இரண்டும் வேண்டுமென்றால் சொரிமுத்து இரண்டு ஆளாகப் பிறந்திருக்க வேண்டும்.

“நேத்து என்ன செஞ்சோம்?”

“நேத்து குளிப்பு.”

“அப்ப இன்னைக்கு வெளிக்கி.”

“வருதா?”

“அதுக்கு ஒன் ஆபீஸ் டைம் தெரியுமா? வரச் சொல்லிப் பாப்போம்.”

பதினோரு வருடத்துக்கு முன்னால் துறைமுகத்தில் மூடை ஏற்றிய லாரியின் உச்சியிலிருந்து விழுந்தவன் சொரிமுத்து. இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. கைகள் இரண்டும் சொன்ன பேச்சைப் பாதிதான் கேட்கும். நாக்குக்கு மட்டும் ஒரு சேதமும் இல்லை.

கிருபை போன பிறகு மிச்சமிருக்கும் இருபத்து மூன்றே கால் மணி நேரமும் அவன் மனைவி இந்துமதியின் பாடு. இரண்டு மணிக்கொரு தடவை அவனைப் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். இல்லாவிட்டால் முதுகு புண்ணாகிவிடும். ஆகவே பதினோரு வருடமாக அவள் சேர்ந்தாற்போல் இரண்டு மணி நேரத்துக்கு மேல் தூங்கியதில்லை.

“நாலு மணி நேரம் கேட்டு எழுதிப் போடப் போறேன்,” என்றாள் இந்துமதி.

“எதுக்குளா? அதான் நீ இருக்கியே.”

அவள் அன்றைக்கே எழுதிப் போட்டாள்.

மறு ஆய்வுக்கு செந்தில்வேல் என்ற அதிகாரி டேப்லெட்டோடு வந்தான். ஆபீசர் வருகிறார் என்றால் நம் ஊரில் எந்த வீடும் இருக்கிறபடி இருக்காது. இந்துமதி விடிவதற்கு முன்பே எழுந்து தரையைத் துடைத்து, புருஷனைக் குளிப்பாட்டி, சவரம் செய்து, வெள்ளைச் சட்டை போட்டு, நெற்றியில் திருநீறும் கன்னத்தில் பவுடருமாக உட்கார்த்தி வைத்திருந்தாள். வந்தவனுக்கு ஒரு தட்டு நிறைய முந்திரி மக்ரூன். செந்தில்வேல் பார்த்தது ஒரு மாப்பிள்ளையை.

“தானாச் சாப்பிடுவீங்களா சார்?”

தன்னைவிடப் பதினைந்து வயது இளையவனிடம், பெண்டாட்டிதான் ஊட்டுகிறாள் என்று எப்படிச் சொல்வது? சொரிமுத்து ஒரு மக்ரூனை இரண்டு மணிக்கட்டாலும் இடுக்கித் தூக்கினான். அது வாய்க்கு வந்து சேர ஒரு நிமிடம் ஆயிற்று. பாதி வாயில், பாதி சட்டையில்.

“சாப்பிடுவேன் தம்பி.”

“சட்டை?”

“போட்டிருக்கேன்லா.”

“ராத்திரி தூக்கமெல்லாம்?”

“ராசா மாதிரி.”

அடுக்களையில் ஒரு பாத்திரம் வேண்டுமென்றே விழுந்தது. சொரிமுத்து அதைக் கவனிக்கவில்லை.

ஒரு வாரத்தில் போனுக்குச் செய்தி வந்தது. ‘பயனாளியின் நிலையில் முன்னேற்றம். அரை மணி நேரமாகத் திருத்தப்படுகிறது.’

“இனிமே தலைக்கு ஊத்த முடியாது அண்ணாச்சி,” என்றாள் கிருபை. “கழுத்து வரைக்கும்தான்.”

இந்துமதி விடவில்லை. மேல்முறையீடு எழுதினாள். இந்தத் தடவை பவுடர் கிடையாது, சவரம் கிடையாது. கிழிந்த பனியனோடு படுக்க வைத்துப் பாடமும் நடத்தினாள்.

“எதக் கேட்டாலும் முடியாதுன்னு சொல்லணும்.”

“எதக் கேட்டாலுமா?”

“எதக் கேட்டாலும். ஒங்க வீராப்ப எல்லாம் மூட்ட கட்டி வைங்க.”

செந்தில்வேல் மறுபடி வந்தபோது சொரிமுத்து சொன்ன சொல் தவறவில்லை. உட்கார? முடியாது. புரள? முடியாது. பல் தேய்க்க? முடியாது. பத்தாவது கேள்விக்கு மேல் அவனுக்கு அதில் ஒரு ருசியே வந்துவிட்டது. கேள்வி முடிவதற்குள் பதில் வந்தது.

“கடைசிக் கேள்வி சார். நான் இதுவரைக்கும் கேட்டதெல்லாம் உங்களால புரிஞ்சுக்க முடிஞ்சுதா?”

“முடியாது.”

டேப்லெட் மணி அடித்தது. செந்தில்வேலின் முகம் வாடிவிட்டது.

“அப்ப விண்ணப்பத்துல நீங்க வச்ச கைநாட்டு செல்லாதுங்க சார். பொறுப்பாளர் ஒருத்தர் கையெழுத்துப் போடணும்.”

“ஏய் தம்பி, எனக்கு எல்லாம் புரிஞ்சுது! நான் சும்மா சொன்னேன்!”

“டேப்லெட்ல ஏறிட்டுது சார். ஏறினா மாத்த முடியாது.”

பொறுப்பாளர் பத்திரத்தில் இந்துமதிதான் கையெழுத்திட்டாள். போடாவிட்டால் இருக்கிற அரை மணி நேரமும் நின்றுவிடும். அதில் ஒரு வரி இருந்தது: ‘பயனாளியை இருபத்து நான்கு மணி நேரமும் நானே கவனித்துக்கொள்வேன் என உறுதி கூறுகிறேன்.’ ஒரு நாளில் இருபத்து நான்கு மணி நேரம்தான் என்பது கம்ப்யூட்டருக்கும் தெரியும். மனசு கேட்காமல் கால் மணி நேரம் மட்டும் கொடுத்தது.

கால் மணி நேரத்தில் கிருபை வந்ததற்கு ஒரு போட்டோ, போவதற்கு ஒரு போட்டோ எடுத்து அனுப்ப வேண்டும். சிக்னல் கிடைத்து அவை போய்ச் சேர எட்டு நிமிடம் ஆகும்.

“இன்னைக்கு வலது கால் கழுவிவிடுதேன் அண்ணாச்சி,” என்றாள் அவள். “இடது கால நாளைக்குப் பாத்துக்கிடலாம்.”

இந்துமதி சிரித்துவிட்டாள். சிரிக்கச் சிரிக்கவே அழ ஆரம்பித்து, ஈரத் துண்டை முகத்தில் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். சொரிமுத்துவுக்கு ஏதாவது சொல்ல வேண்டும் என்று இருந்தது. என்ன சொல்வதென்று தெரியாமல், “கொஞ்சம் தண்ணி தா,” என்றான். அவள் எழுந்து போய்க் கொண்டுவந்தாள்.

பத்திரத்தின் நகலைக் கொடுக்க வந்த செந்தில்வேல் அவளிடம் மெதுவாகச் சொன்னான். “அக்கா, ‘வீட்டில் ஆள் உண்டா’ன்னு ஒரு கட்டம் இருக்கு. அதுல உண்டுன்னு இருக்கிற வரைக்கும் நேரம் ஏறவே ஏறாது. இல்லன்னு விழுந்துட்டா நாலு மணி நேரம் தானா வந்துரும். காலையில ரெண்டு, சாயந்தரம் ரெண்டு.”

அவன் போனதும் இந்துமதி கட்டிலருகே வந்தாள்.

“நான் ஒங்ககூடச் சண்ட போட்டுட்டு ஆழ்வார்திருநகரிக்கு எங்கம்மா வீட்டுக்குப் போயிட்டேன்னு வைங்க.”

சொரிமுத்துவுக்குப் புரிய ஒரு நொடி ஆயிற்று. “அடி கள்ளி! எத்தன நாளைக்கு?”

“மொதல்ல கட்டம் மாறட்டும்.”

ஒரு வாரம் ஏற்பாடு நடந்தது. அவன் தானே பிடித்துப் புரள்வதற்குக் கட்டிலில் கயிறு கட்டினாள். தண்ணீர் பாட்டிலில் நீளக் குழாய் செருகினாள். விரல் முட்டியால் போன் அழுத்தப் பழக்கினாள். பக்கத்துத் தெருவில் இருந்தும் எட்டிப் பார்க்காத அவன் தம்பியின் வீட்டுக்குப் போய், ஒரு பாட்டம் கத்தி, ராத்திரி இங்கே வந்து படுக்க ஒத்துக்கொள்ள வைத்தாள்.

“ரெண்டு நாள் கூத்துக்கு இம்புட்டு ஏற்பாடாளா?” என்று சிரித்தான் சொரிமுத்து.

தெருக் குழாயில் தண்ணீர் வரும் நேரமாகப் பார்த்துச் சண்டையைத் தொடங்கினார்கள். பேசி வைத்தபடி சொரிமுத்து முதல் குரல் கொடுத்தான்.

“சோத்துல உப்பு இல்ல! சுத்தி உப்பளத்த வச்சுக்கிட்டு உப்பு இல்லாத சோறா?”

“உப்பா?” இந்துமதி வாசலுக்கு வந்து நின்றாள். “உப்பு இல்லன்னு கேக்கத் தெரியுது. இத்தன வருஷத்துல ஒருநா, ஒரே ஒருநா, ‘நீ தூங்குனியாளா’ன்னு கேட்டிருப்பீங்களா?”

இது பேசி வைத்ததில் இல்லை.

“ஆபீசுக்காரனுக்கு நான் கட்டத்துல ஒரு ஆளு. ஒங்களுக்கும் அதேதான். ‘நீ இருக்கியே, நீ இருக்கியே’ன்னு! இருந்து இருந்து எனக்கு இடுப்பு ஒடிஞ்சு போச்சு. நான் போறேன்.”

குழாயடியில் நின்ற எதிர்வீட்டு ஆறுமுகத்தாய் குடத்தைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்தாள். சொரிமுத்துவுக்கே கண் கலங்கியது. என்னமா நடிக்கிறாள் என்று பெருமையாகவும் இருந்தது. இந்துமதி பையோடு பஸ் ஏறிவிட்டாள்.

மூன்றாம் நாள் செந்தில்வேல் ஆய்வுக்கு வந்தபோது, ஆறுமுகத்தாய் கட்டிலருகே உட்கார்ந்து இட்லி ஊட்டிக்கொண்டிருந்தாள்.

“பக்கத்துல உதவிக்கு ஆள் இருக்கு போல,” என்று டேப்லெட்டில் விரலை வைத்தான் அவன்.

சொரிமுத்து பதறிப்போனான். “இவளா? இவ எனக்கு ஆளே இல்ல! ஒன்ன யாரு கூப்பிட்டா? போ வெளிய!”

“பாவமேன்னு வந்தேன் பாரு,” என்று தட்டைத் தரையில் வைத்தாள் ஆறுமுகத்தாய். “அவ போனது சரிதான். இனிமே இந்த வாசல மிதிச்சா ஏன்னு கேளு.”

பதினோரு வருடச் சிநேகம் போயிற்று. ‘அக்கம்பக்கத்தார் உதவி: இல்லை’ என்று பதிவாயிற்று. பிறகு செந்தில்வேல் முறைப்படி இந்துமதிக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தான்.

“திரும்பி வர்ற எண்ணம் இருக்குங்களா அக்கா?”

“இல்ல.”

“உறுதியாவா?”

“உறுதியா. எழுதிக்கிடுங்க.”

சொரிமுத்து சிரிப்பை அடக்க முடியாமல் முகத்தைத் தலையணையில் புதைத்துக்கொண்டான். செந்தில்வேல் அதை அழுகை என்று நினைத்து அவன் தோளைத் தட்டிக் கொடுத்தான். கட்டம் மாறியது.

திங்கட்கிழமை காலையில் கிருபை வந்தாள். எதையும் கேட்கவில்லை. வெளிக்கி, குளிப்பு, தலைக்கும் சேர்த்து. இரண்டு காலும் கழுவினாள். முதுகுக்கு மருந்து தடவினாள். எல்லாம் முடிந்தும் அரை மணி நேரம் மிச்சம். அவனைச் சக்கர நாற்காலியில் ஏற்றி வாசலுக்கு உருட்டி வந்து தலை சீவிவிட்டாள். துறைமுகத்துப் பக்கமிருந்து உப்புக் காற்று வந்தது. அவன் வாசலைப் பார்த்து எத்தனையோ மாதம் ஆகியிருந்தது.

சொரிமுத்துவுக்கு மனசு நிறைந்திருந்தது. இந்துமதி வந்ததும் இந்த நாலு மணி நேரமும் அவளைத் தூங்கச் சொல்ல வேண்டும். யார் கூப்பிட்டாலும் எழுந்திருக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். இதை முன்னாலேயே நினைக்காமல் போனோமே என்று வெட்கமாக இருந்தது.

“கிருபை, அக்காக்கு ஒரு போன் போடு. கட்டம் மாறியாச்சு, சாயந்தர பஸ்ஸுக்கு வந்துரச் சொல்லு. ஆபீசுக்காரன் வந்தா ஒளிஞ்சுக்கிடலாம்.”

கிருபையின் சீப்பு அவன் தலையில் அப்படியே நின்றது.

“ஒங்களுக்குத் தெரியும்னுலா அண்ணாச்சி நான் நெனச்சேன்! அவருக்கு நாலு மணி நேரம் வாங்கிக் குடுத்துட்டுத்தான் இந்த வீட்ட விட்டுப் போவேன்னு, நான் இங்க வேலைக்கு வந்த மொத வாரமே அக்கா எங்கிட்ட சொல்லிட்டாவளே.”