நூற்றைம்பது ஜிபி கோட்டை

"வினாத்தாள் சேவ் ஆக மாட்டேங்குது. டிஸ்க் ஃபுல்லாம்" என்றாள் மனைவி. பள்ளிக்கூட ஆசிரியை.

காப்பீட்டு அலுவலகக் குமாஸ்தாவான கணவன் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. தூக்கினால் முகமே காட்டிக்கொடுத்துவிடும்.

போன வருஷம் அவள் தலையில் அடித்துச் சத்தியம் செய்து 'அழித்துவிட்ட' கேம், "பழைய பாலிசிகள்" என்ற ஃபோல்டருக்குள் நூற்றைம்பது ஜிபிக்குச் சௌக்கியமாக இருந்தது. அதில் இரண்டு வருஷ உழைப்பில் எழுப்பிய கோட்டை. அலுவலகத்தில் ஸ்டாப்ளர் கேட்டால்கூட யாரும் நகர்த்தித் தராத ஆளுக்கு அங்கே நாலாயிரம் வீரர்கள் சல்யூட் அடித்தார்கள்.

"வேண்டாததை அழிச்சு வைங்க. ஒரு மணிக்கு வந்துடுவேன்" என்று சொல்லிவிட்டு அவள் சிறப்பு வகுப்புக்குக் கிளம்பினாள்.

கோட்டையை அழிக்க அவனுக்குக் கை வரவில்லை. மச்சானுக்கு போன் போட்டான். கல்யாண வீடியோவைப் பத்திரப்படுத்த வேண்டும், எக்ஸ்டர்னல் டிஸ்க் கிடைக்குமா என்று கேட்டான். அக்கா மேல் மாமாவுக்கு இத்தனை பாசமா என்று மச்சான் நெகிழ்ந்துபோய், பைக்கில் கொண்டுவந்தே கொடுத்துவிட்டுப் போனான்.

டிஸ்கில் காலி இடம் ஐந்து ஜிபி. மீதி முழுக்க மச்சானின் குழந்தை. தவழ்ந்தது, உட்கார்ந்தது, தும்மியது, தும்மாமல் இருந்தது எல்லாமே தனித்தனி வீடியோ.

சரி, குழந்தை இங்கே வரட்டும், கோட்டை அங்கே போகட்டும் என்று கணக்குப் போட்டான். ஆனால் மாற்றி வைக்கவும் கொஞ்சம் இடம் வேண்டுமே. கம்ப்யூட்டரைக் குடைந்ததில் கல்யாண வீடியோ கண்ணில் பட்டது. நாற்பது ஜிபி. ஆறு வருஷத்தில் யாரும் ஒரு தடவைகூடத் திறந்ததில்லை. அழித்தான். இரண்டு நொடிகூட ஆகவில்லை. டிஸ்க் கேட்டதே அதைப் பத்திரப்படுத்தப் போவதாகச் சொல்லித்தான் என்பது பிறகுதான் உறைத்தது. அந்தக் காலி இடமே வினாத்தாளுக்குப் போதும் என்பது உறைக்கவே இல்லை.

அதற்கப்புறம் வீடு மாற்றுகிறவன் மாதிரி உழைத்தான். நாற்பது ஜிபி குழந்தை உள்ளே, நாற்பது ஜிபி கோட்டை வெளியே. பன்னிரண்டரைக்குக் கோட்டை முழுசாக டிஸ்கில் இருந்தது. கம்ப்யூட்டரில் டிஸ்க் ஃபுல் என்று காட்டும் அதே சிவப்புக் கோடும் இருந்தது. முழுசாக உள்ளே வந்துவிட்ட குழந்தை குறைந்த எடை இல்லை, நூற்றுத் தொண்ணூறு ஜிபி.

போகட்டும், கோட்டையாவது நலமா என்று திறந்து பார்த்தான். கேம் காணவில்லை என்றது திரை. இடம் மாறியதை யாரும் அதற்குச் சொல்லவில்லை. கீழே இரண்டு பொத்தான்கள் இருந்தன. படிக்காமல் ஒன்றை அமுக்கினான். திரை கறுத்தது.

தெருமுனைக் கடை சர்வீஸ்காரரைக் கூப்பிட்டான். அவர் உள்ளே வந்து உட்காரவும் மனைவி செருப்பைக் கழற்றவும் சரியாக இருந்தது.

"இவர் எதுக்கு?" அவள் குரல் இறங்கியிருந்தது. "இதெல்லாம் வெளியாள் பாக்கணுமா?"

சர்வீஸ்காரர் அதற்குள் கம்ப்யூட்டரை எழுப்பிவிட்டார். "பயப்படாதீங்க சார். கேம் அப்படியேதான் இருக்கு. ஃபோல்டரை மட்டும் காட்டிக் கொடுத்தா ஓடும்."



"என்ன கேம்?" என்றாள் மனைவி.

அவன் தரையைப் பார்த்தபடி எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டான். பாலிசி ஃபோல்டர், மச்சானிடம் சொன்ன பொய், கடைசியாகக் கல்யாண வீடியோ. அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து ஆரம்பித்தாள். முப்பத்தெட்டு வயசில் பொம்மைப் படையை வைத்து விளையாடுகிற ஆம்பளையை எங்கேயாவது பார்த்ததுண்டா என்று கேட்டாள். தன் வகுப்புப் பிள்ளைகளே இதைவிடப் பொறுப்பு என்றாள். பொய் சொல்கிறவனோடு எப்படிக் குடும்பம் நடத்துவது என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"இப்பவே, என் கண்ணு முன்னாடி அந்தக் கேமை அழிங்க."

அவன் மவுஸை நோக்கிக் கையை நீட்டினான்.

"சாரோடதை அழிச்சா இடம் வராதுங்க, அது வெளி டிஸ்க்ல இருக்கு" என்றார் சர்வீஸ்காரர், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "மேடம், உங்க மார்க் லிஸ்ட் ஃபோல்டர்ல இதே கேம் இன்னொண்ணு இருக்கே, இன்னிக்குக் காலையிலகூட ஆடியிருக்கீங்க, அதை அழிக்கட்டுமா?"