எவர்சில்வர்க் கதவில் கீறல் வதம்

வாழ்க, வாழ்க! நாற்பத்தாறு ஆண்டுகளாக உண்ட தட்டை உண்ட இடத்திலேயே விட்டெழும் திருக்கரத்தோன், ஒரு டம்ளரையும் கழுவியறியாப் பெருந்தகை, மனைவி சம்பாதித்து வாங்கிய வண்ணம் பூசா வெள்ளொளிர் எவர்சில்வர்த் தகட்டு மேனிக் காரைத் தனதென்று தெருவெங்கும் சாற்றிய வாய்வீரன் வாழ்க!

இருநாள் பயிற்சிக்கு வெளியூர் கிளம்பிய மனைவி, சாவியை நீட்டி ஆணையிட்டாள்: “ஒரு கீறல் விழுந்தாலும் இனிமே சாவி உங்க கைக்கு வராது. சொல்லிட்டேன்.”

“இது துருவும் பிடிக்காது, கீறலும் விழாது. நீ கவலைப்படாம போ!” என்று இடியென முழங்கினான் வீரன்.

அவள் தலை மறைந்ததும் காரைப் பின்னோக்கிச் செலுத்தினான். கேட்டின் தாழ்ப்பாள், மாற்றான் வேல் மார்பை உழுவதென இடக்கதவை உழுதது. கீறல் ஒரு சாண் நீளம், தலைமயிர் அகலம்.

டிங்கரிங் பட்டறைக்காரர் போனில் சொன்னார்: “சார், இதுல பட்டி வச்சு பெயின்ட் அடிச்சு மறைக்க முடியாது. தகட்டுல வரிவரியா ஓடுது பாருங்க, அந்தப் போக்குலயேதான் தேய்க்கணும். வட்டமா தேய்ச்சுடாதீங்க. கொண்டாங்க, அரை மணி நேர வேலை.”

“எவர்சில்வர் தேய்க்க எனக்கே பாடமா? எங்க வீட்டுல தினம் தேய்க்கிறதுதானே!”

தேய்ப்பது யாரென்று அப்பெருமான் சொன்னானில்லை.

அடுக்களை புகுந்து, நார் இருக்குமிடம் தெரியாமல் ஏழு இழுப்பறைகளைச் சூறையாடி, அடிப்பிடித்த இரும்புச் சட்டிக்கென்றே அவள் ஒதுக்கிவைத்த இரும்பு நாரை ஏந்தி, ஒரு பகைவனைப் பிடிக்க ஊரையே கொளுத்தும் மதிகெட்ட வேந்தனென, வேர்வையாறு பெருக, வட்டம் வட்டமாக, அந்த அப்பாவிக் கதவை மதயானை புகுந்த வயலாக்கித் தேய்த்தான், தேய்த்தான், தேய்த்துக்கொண்டேயிருந்தான். கீறல் ஒழிந்தது. கூடவே குடத்தின் வாயளவுக்குக் கதவின் பளபளப்பும் ஒழிந்தது. நாரிலிருந்து உதிர்ந்த இரும்புத் துகள்களோ வரிகளுக்குள் பதுங்குபடையாய்த் தங்கின.

இரவு தூறல் விழுந்து, விடிந்தது. பயிற்சி முடிந்து மனைவி திரும்பியபோது, துருவேறாத் தகட்டில் தேய்த்த இடமெங்கும் செம்புள்ளிகள் கொடியேற்றியிருந்தன.

“கம்பெனிக்காரன் ஏமாத்திட்டான்! இது எவர்சில்வரே இல்ல!” என்று அறைகூவினான் அஞ்சாநெஞ்சன்.

அவள் கதவை விரலால் தடவி, ஒட்டிய துருவை அவன் மூக்கருகே நீட்டினாள். “சட்டிக்கு வச்சிருந்த நாரா? எது எதுக்குன்னு தெரிஞ்சுக்க ஒரு நாளாவது சிங்க் பக்கம் வந்திருக்கணும்.”

வெட்டுண்ட கொடியெனச் சாய்ந்த திருக்கரம், சாவியெனும் தன் அரசுரிமை முழுவதையும் அவள் உள்ளங்கையில் வைத்தது.

திங்கட்கிழமையிலிருந்து பஸ்ஸில் ஆபீஸ் போகிறான்.