கற்பூரத்தின் மேல் ஒரு பொய்

புருஷனுக்காகப் பொய் சொல்வது பாவமில்லை என்று நான் நம்பிய காலம் ஒன்று உண்டு. (இப்போதும் பாதி நம்புகிறேன். அவரிடம் சொல்லிவிடாதீர்கள்.)

இங்கே பர்மாவில் என் வீட்டுக்காரருக்கு ஒரு வெளிநாட்டுத் தூதரகத்தில் டிரைவர் வேலை கிடைக்கிற மாதிரி இருந்தது. உள்ளே விடுவதற்கு முன் ஆளைப் பற்றி வீடு வரைக்கும் வந்து துருவி விசாரிப்பார்கள் என்றார்கள். மனுஷன் கல்யாணத்துக்கு முன்னால் இன்சீன் பேட்டையில் கூட்டாளிகளோடு சேர்ந்து கஞ்சா குடித்தவர். அது தெரிந்தால் வேலை போச்சு என்று நானே தீர்ப்பு எழுதிவிட்டேன். அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எதைக் கேட்டாலும் "ம்" என்பவரிடம் என்னத்தைக் கேட்பது?

ஒரு மத்தியானம் நாங்கள் குடியிருக்கும் தாமுவேயில் கரண்ட் போயிருந்தது. வீட்டுக்குள் பகலிலேயே இருட்டு. வீட்டு ஓனரைக்கூடக் குரைத்து விரட்டும் எங்கள் நாய் திடீரென்று எழுந்து, சத்தமில்லாமல் பெஞ்சுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. திரும்பிப் பார்த்தேன். வாசலில் ஒரு பர்மாக்காரர் நின்றிருந்தார். எங்கள் மாடி மரப்படி எலி ஏறினாலும் கிறீச்சிடும். அன்று மூச்சே விடவில்லை.

"மா செல்வி," என்று பர்மிய மரியாதையோடு கூப்பிட்டார். நான் பெயரைச் சொல்லவே இல்லை. (விசாரிக்க வருகிறவருக்குப் பெயர் தெரியாமலா இருக்கும்? அந்த நேரத்தில் மூளை எங்கே வேலை செய்தது!)

நாற்காலியில் உட்கார்ந்தார். கண் இமைக்கவே இல்லை. பர்மிய மொழியில் மெதுவாகக் கேட்டார்: "உங்கள் கணவர் எப்போதாவது போதைப்பொருள் தொட்டதுண்டா?"

"இல்லை."

சுவர்ப் பல்லிகூடக் கத்தவில்லை. மறுபடி அதே கேள்வி, அதே குரலில். எனக்கு ரோஷம் வந்தது. மாரியம்மன் படத்துக்கு முன்னால் கற்பூரம் ஏற்றினேன். "எங்கள் சாமி மேல் சத்தியம், தொட்டதே இல்லை!" என்று பர்மிய மொழியில் முழங்கிவிட்டு, அம்மனிடம் மட்டும் தமிழில் வாய்விட்டுச் சொன்னேன்.

"தாயே, அவரு கஞ்சா குடிச்சது வாஸ்தவந்தான். பொழப்புக்காகச் சொல்றேன், கண்டுக்காத. இந்த ஆளு கண்ணு பேய்க்கண்ணா இருக்கு, சீக்கிரம் அனுப்பி வை."

படாரென்று கற்பூரத்தை அடித்து அணைத்தேன். இருட்டில், என் முதுகுக்குப் பின்னால், தமிழில் குரல் வந்தது.

"கை சுட்டுடுச்சாம்மா?"

அம்மனே பேசியிருந்தாலும் அவ்வளவு பயந்திருக்க மாட்டேன்.

"கஞ்சா விஷயத்தை உங்க வீட்டுக்காரரே எங்ககிட்ட சொல்லிட்டாரு. விட்டு ரொம்ப வருஷமாச்சு, அது போகட்டும். பொய்யத்தான் மன்னிக்க மாட்டாங்க. இப்ப அவரு சொல்லிக்கொடுத்துதான் நீங்க மறைச்சீங்களான்னு நான் பாக்கணும். மறுபடி கேக்குறேன்."

இந்தத் தடவை உண்மையைச் சொன்னேன், மூக்கைச் சிந்திக்கொண்டே. நிமிர்ந்து பார்த்தபோது நாற்காலி காலியாக இருந்தது. படி அப்போதும் கிறீச்சிடவில்லை.

சாயங்காலம் விஷயத்தைக் கேட்ட வீட்டுக்காரர் அதிசயமாக "ம்" என்பதைத் தாண்டிப் பேசினார். "ஒரே ஒரு தடவை தைரியமா உண்மையச் சொன்னேன். அதையும் கெடுத்துட்டியேடி!" வெட்கத்தில் செத்தேன். அவரைத் திரும்பத் திரும்பக் கூப்பிட்டுக் குடைந்த பிறகுதான் வேலை கொடுத்தார்கள். கீழே படியோரம் வெற்றிலைக் கடை வைத்திருக்கும் அக்காவோ, அன்றைக்கு மாடிக்கு யாரும் ஏறவே இல்லை என்று இன்னும் சாதிக்கிறாள்.

இப்போது வீட்டில் கற்பூரம் ஏற்றினாலே என் மகள், "அம்மா, மனசுக்குள்ள சொல்லும்மா!" என்று கத்துவாள். எல்லாரும் விழுந்து விழுந்து சிரிப்போம். நாய் எழுந்து பெஞ்சுக்கு அடியில் போனால் மட்டும், சிரிப்பை நிறுத்திவிட்டு வாசலைப் பார்ப்போம்.