பெண் பார்க்கப் போன இடத்தில் நடந்தது

பெண் பார்க்கப் போகிற ஆண்கள் எல்லாரும் ஒரு பொய்யாவது சொல்கிறார்கள். சம்பளத்தைக் கூட்டிச் சொல்வார்கள், வயதைக் குறைத்துச் சொல்வார்கள், தலையில் இருப்பதெல்லாம் சொந்த முடி என்பார்கள். நான் சொன்ன பொய் வேறு. வாராவாரம் மலை ஏறுகிறேன் என்று சொன்னேன். (சம்பளத்தையே கூட்டிச் சொல்லியிருக்கலாம். யாரும் அங்கேயே எண்ணிக் காட்டச் சொல்ல மாட்டார்கள்.)

அப்போது எனக்கு முப்பத்து மூன்று வயது. கள்ளக்குறிச்சியில் போர்வெல் மோட்டார் விற்கும் கடை. காலையில் நாற்காலியில் உட்கார்ந்தால் இரவு ஷட்டரை இறக்கும்போதுதான் எழுந்திருப்பேன். கடைக்கும் வீட்டுக்கும் நடுவே நானூறு அடி தூரம். அதையும் பைக்கில்தான் கடப்பேன். எங்கள் ஊரில் ஒரு மனிதன் நடக்கிறான் என்றால் அவனுக்குப் பெட்ரோல் தீர்ந்துவிட்டது என்று பொருள்.

பதினோரு இடங்களில் தட்டிப்போயிருந்தது. அந்த வருஷம் கருணாபுரத்தில் சாராயம் குடித்துச் சனங்கள் கொத்துக் கொத்தாகச் செத்துப்போன பிறகு, ஊர்ப் பெயரைச் சொன்னாலே பெண் வீட்டார் முகம் மாறியது. செத்தவர்களின் பிள்ளைகள் என்ன ஆனார்கள் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. "மாப்பிள்ளை குடிப்பாரா?" என்று மட்டும் கேட்டார்கள். டீயைக்கூட நான் ஆற வைத்துக் குடிப்பவன் என்று அம்மா விளக்கிக்கொண்டிருப்பாள்.

பன்னிரண்டாவதாக வந்ததுதான் அமுதாவின் ஜாதகம். சென்னைப் பெண், கணக்கு டீச்சர். அப்பா சிவலிங்கம், ஏதோ அரசாங்க வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர் என்று தரகர் சொன்னார். அந்த சிவலிங்கமே ஒரு நாள் கடைக்குப் போன் செய்தார்.

"தம்பி, நீங்க நடப்பீங்களா?"

எனக்குக் கால் ஊனம் என்று எவனோ கிளப்பிவிட்டிருக்கிறான் என்று நினைத்தேன். "நல்லா நடப்பேன் சார். ரெண்டு காலும் நல்லாருக்கு."

"அப்படிக் கேக்கல. வீட்டுக்கு வந்து கேசரி சாப்பிட்டுட்டுப் போறதுல ஒரு மனுஷனப் பத்தி என்ன தெரியும்? கூட நடந்து பாத்தாத் தெரியும். நாங்க சில பேரு ஞாயித்துக்கிழமையானா கடலோரமா நடப்போம். அமுதாவும் வருவா. கோவளத்துல ஆரம்பிச்சு மாமல்லபுரம். பதினெட்டு கிலோமீட்டர்தான்."

அந்த 'தான்' என்னைக் குத்தியது. அதனால்தான் வாய் தானாகத் திறந்துகொண்டது.

"அதெல்லாம் ஒண்ணுமே இல்ல சார். நான் வாராவாரம் கல்வராயன் மலை ஏறி எறங்குறவன்."

"அப்படியா? ரொம்ப சந்தோஷம்" என்றார். அந்தச் சந்தோஷத்தின் அர்த்தம் எனக்கு அப்போது தெரியவில்லை.

உண்மையில் கல்வராயன் மலைக்கு நான் மூன்று தடவை போயிருக்கிறேன். இரண்டு தடவை பைக்கில், அருவியில் குளிக்க. ஒரு தடவை வெள்ளிமலை பஸ்ஸில், வளைவுக்கு ஒரு தடவை வாந்தி எடுத்துக்கொண்டு. மலையில் நிஜமாகவே ஏறி இறங்கும் சனங்கள் இருக்கிறார்கள். பஸ் வராத நாளில் கடுக்காய் மூட்டையோடும் காய்ச்சல்காரப் பிள்ளையோடும் நடப்பார்கள். அதை யாரிடமும் போன் செய்து சொல்லிப் பெருமைப்பட்டுக்கொள்ள அவர்களுக்கு நேரமில்லை. அந்த வேலையை அவர்கள் சார்பாக நான் எடுத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு வாரம் இருந்தது. பயிற்சி எடுப்பது என்று முடிவு செய்தேன். முதல் நாள் காலை கச்சிராயபாளையம் சாலையில் இருநூறு அடி நடந்திருப்பேன். மோட்டார் மெக்கானிக் ஏழுமலை பைக்கை நிறுத்தினான்.

"இன்னா அண்ணே, வண்டி ரிப்பேரா? ஏறு."

"இல்ல ஏழுமல, சும்மா நடக்கறேன்."

"சும்மா எவனாவது நடப்பானா? வூட்ல எதுனா பிரச்சனையா? முதல்ல ஏறுண்ணே."

ஏறினேன். இரண்டாம் நாள் சங்கராபுரம் சாலை. பால்காரர் ஏற்றிக்கொண்டார். மூன்றாம் நாள் ஊரை விட்டுத் தள்ளிப் போய் நடக்கலாம் என்று மூங்கில்துறைப்பட்டுப் பக்கம் பஸ்ஸில் போய் இறங்கினேன். மில்லில் கரும்பை இறக்கிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்த ஒரு டிராக்டர்காரர், முன்பின் தெரியாதவர், என்னைக் கையைப் பிடித்து ஏற்றி, ஆறுதலாக ஒரு துண்டு கரும்பும் கொடுத்தார். ஆக மூன்று நாள் பயிற்சியில் நான் நடந்தது அரை கிலோமீட்டர். மறுத்திருக்கலாமே என்று கேட்பீர்கள். மறுக்கிற ஆளாக இருந்தால் எனக்குப் பயிற்சியே தேவைப்பட்டிருக்காது.

மிச்ச நாட்களில் கண்ணாடி முன்னால் நின்று ஷூ போட்டுப் பார்த்தேன். ஆன்லைனில் வாங்கிய வெள்ளை ஷூ. ஒரு சைஸ் சின்னது. திருப்பி அனுப்ப நாள் இல்லை. நடந்தால் தோல் தளர்ந்துவிடும் என்று அதில் நன்மைகூடக் கண்டேன்.

சனிக்கிழமையே அம்மாவும் நானும் தாம்பரத்தில் அக்கா வீட்டில் போய்த் தங்கிவிட்டோம். ஞாயிறு காலை ஆறு மணிக்குக் கோவளம் கடற்கரையில் நின்றேன். சிவலிங்கம் அரைக்கால் சட்டையில், வெறுங்காலோடு இருந்தார். கூட அவர் வயதிலேயே ஐந்து நண்பர்கள். அவர்கள் முதுகில் தண்ணீர்ப் பை, அதிலிருந்து வாய்க்கு ஒரு குழாய், கையில் நடக்கிற அடிகளை எண்ணும் கடிகாரம், கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி. காசு செலவழித்து, இவ்வளவு ஏற்பாட்டோடு மனிதர்கள் நடக்கிறார்கள் என்பதை அன்றுதான் பார்த்தேன்.

அமுதா ஒரு பழைய சுடிதாரும் தொப்பியும் போட்டிருந்தாள். என் ஷூவைப் பார்த்தாள். என் முகத்தைப் பார்த்தாள். மறுபடி ஷூவைப் பார்த்தாள்.

"ஈர மணல்ல நடங்க. கெட்டியா இருக்கும்" என்றாள்.

ஈர மணலில் நடந்தால் வெள்ளை ஷூ என்ன ஆவது? "பரவால்லங்க. மலையில இதவிட மோசமா இருக்கும்" என்று சொல்லிவிட்டுக் காய்ந்த மணலில் இறங்கினேன். ஒரு அடி வைத்தால் அரை அடி பின்னால் வந்தது. மற்றவர்கள் பதினெட்டு கிலோமீட்டர் நடந்தால் நான் முப்பத்தாறு நடக்க வேண்டும் என்ற கணக்கு எனக்கு அரைமணி நேரம் கழித்துத்தான் புரிந்தது.

காட்சி அழகாகத்தான் இருந்திருக்கும். எல்லாரும் சொன்னார்கள். சூரியன் கடலிலிருந்து எழுந்ததாம், கட்டுமரங்கள் கறுப்புக் கோடு மாதிரி தெரிந்தனவாம். நான் பார்த்ததெல்லாம் மணல், கிளிஞ்சல், பிளாஸ்டிக் பாட்டில், நடுநடுவே கடற்கரையைத் தங்கள் அப்பன் வீட்டுச் சொத்தாக வேலி போட்டு வளைத்திருக்கும் சொகுசு விடுதிகளின் மதில். அந்த மதில் நிழலில் ஒதுங்கலாமா என்று பார்த்தால் காவலாளி விசில் ஊதினார்.

திருவிடந்தை தாண்டியதும் ஒரு கடலாமை செத்து ஒதுங்கியிருந்தது. எல்லாரும் சுற்றி நின்று வருத்தப்பட்டார்கள். படகின் வலையில் மாட்டியிருக்கும் என்று சிவலிங்கம் விளக்கினார். அமுதாவின் கண் கலங்கியது. நானும் துக்கம் தாளாதவன் போல அப்படியே உட்கார்ந்துவிட்டேன். ஏழு நிமிடம் கிடைத்தது. அந்த ஆமைக்கு இன்றும் கடமைப்பட்டிருக்கிறேன்.

எழுந்ததும் சிவலிங்கம் என்னோடு சேர்ந்து நடக்க ஆரம்பித்தார்.

"மலையில மிருகமெல்லாம் எதிர்ல வருமா தம்பி?"

இதற்கு 'வராது சார்' என்று சொல்லி முடித்திருக்கலாம். ஆனால் அமுதா கேட்கும் தூரத்தில் இருந்தாள்.

"போன மாசம்கூட ஒரு கரடி வந்துச்சு சார். நேருக்கு நேர்."

"அடடா! எங்க?"

"கரியாலூருக்கு மேல."

"என்ன பண்ணீங்க?"

"கண்ணுக்கு நேரா உத்துப் பாத்தேன். அது திரும்பிப் போயிடுச்சு."

அவர் தலையை ஆட்டினார். நிதானமாகச் சொன்னார்: "அது எங்க குவார்ட்டர்ஸ் பக்கமா வர்ற கரடியா இருக்கும். பலாப்பழ வாசனைக்கு வரும்."

"உங்க… குவார்ட்டர்ஸா சார்?"

"நான் ஃபாரஸ்ட் ரேஞ்சரா இருந்து ரிட்டயர் ஆனவன் தம்பி. கரியாலூர்ல நாலு வருஷம் இருந்தேன். தரகர் சொல்லலையா?"

தரகர் சொல்லவில்லை. கொஞ்ச தூரம் போனதும் அவர், "கரடிய உத்துப் பாத்தா அது திரும்பிப் போகாது. மூஞ்சியப் பிச்சிடும்" என்று ஒரு தகவலாகச் சொல்லிவிட்டு நண்பர்களோடு முன்னால் போய்விட்டார். கடலில் விழுந்து செத்துவிடலாம் என்று நினைத்தேன். நெம்மேலி அருகே அதற்கும் வாய்ப்பு வந்தது.

அங்கே வருவதற்குள் இரண்டு குதிகாலிலும் கொப்புளம் உடைந்து ரத்தம் கசிந்தது. பின்தங்கிவிட்டேன். இனி முடியாது என்று கரையில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றிப் பக்கத்தில் வைத்துவிட்டுக் காலை அலையில் நனைத்தேன். உப்புத் தண்ணீர் பட்டதும் உயிர் உச்சந்தலைக்குப் போய்த் திரும்பி வந்தது. அப்போது ஒரு பெரிய அலை வந்து ஒரு ஷூவைத் தூக்கிக்கொண்டு போனது.

விட்டுத் தொலைத்திருக்கலாம். நான் பாய்ந்தேன். பாய்ந்த வேகத்தில் கெண்டைக்கால் சதை சுருட்டிப் பிடித்துக்கொண்டது. குப்புற விழுந்தேன். அடுத்த அலை என்னைப் புரட்டியது. வாய், மூக்கு, காது எல்லாவற்றிலும் தண்ணீர். "காப்பாத்துங்க! காப்பாத்துங்க!" என்று அலறினேன். என் அப்பா முகம் தெரிந்தது, குலதெய்வம் தெரிந்தது.

வலை பிரித்துக்கொண்டிருந்த மீனவர் ஒருவர் எழுந்துகூட வராமல் குரல் கொடுத்தார்.

"எந்திரிச்சு நில்லு சார். தண்ணி முட்டிக்குக் கீழதான் இருக்குது."

நிற்கப் பார்த்தேன். உண்மைதான். ஆனால் கால் நிற்கவில்லை. கடைசியில் அவரும் இன்னொருவரும் வந்து, இரண்டு கையையும் பிடித்து, வலையை இழுப்பது போல என்னைக் கரைக்கு இழுத்தார்கள். முன்னால் போனவர்கள் ஓடி வந்தார்கள். சிவலிங்கம் கெண்டைக்காலைப் பிடித்து நீவிவிட்டார். "ரோட்டுக்குத் தூக்கிட்டுப் போயி எதுலயாவது ஏத்தி விடணும்" என்றார். மீனவரின் மச்சானுடைய மீன் ஏற்றும் லோடு ஆட்டோ ஐஸ் பெட்டிகளோடு மாமல்லபுரம் கிளம்பிக்கொண்டிருந்தது. "அமுதா, நீ கூடப் போம்மா. இவரு பாதியில எறங்கி மலை கிலை ஏறிடப் போறாரு."

பின்னால் இரண்டு மீன் கூடைகளுக்கு நடுவில் என்னை வைத்தார்கள். அமுதா ஐஸ் பெட்டி மேல் உட்கார்ந்தாள். மிச்சமிருந்த ஒற்றை ஷூவை நான் மடியில் வைத்திருந்தேன்.

"உண்மையச் சொல்லுங்க. மலை ஏறினதே இல்லதான?"

"பஸ்ல போயிருக்கேன்."

"அப்புறம்?"

"வாந்தி எடுத்தேன்."

கூடையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஆட்டோ குலுங்கியதில் இரண்டு மத்தி என் மடியில் விழுந்ததும் இன்னும் சிரித்தாள். எனக்கு அழுகையாக வந்தது. பன்னிரண்டாவது இடமும் போயிற்று. இதை ஊரில் எப்படிச் சொல்வது?

மாமல்லபுரத்தில் ஒரு மரத்தடியில் அம்மாவும் அக்காவும் அமுதாவின் அம்மாவும் காத்திருந்தார்கள். அம்மா பட்டுப்புடவையில் இருந்தாள். பின்னால் அக்கா சொல்லித்தான் தெரியும்: அந்த நேரத்தில் அம்மா, "எம்புள்ள நடந்தான்னா காத்து மாதிரி வருவான். எல்லாருக்கும் முன்னால வந்து நிக்கப்போறான், பாருங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தாளாம்.

எல்லாருக்கும் முன்னால்தான் வந்து நின்றேன்.

அமுதாவின் அம்மா ஆட்டோவைப் பார்த்து, "மீன் வண்டி வருது. வஞ்சிரம் இருக்கான்னு கேளுங்க" என்றார். கூடைகளுக்கு நடுவிலிருந்து நான் எழுந்தேன். தலையெல்லாம் மணல், சட்டையெல்லாம் செதில், கையில் ஒற்றை ஷூ. குனிந்து வணக்கம் சொன்னேன். அக்கா முகத்தை மூடிக்கொண்டாள்.

"இன்னாடா இது கோலம்!" என்று அம்மா ஓடிவந்தாள். கிட்டே வந்ததும் மூக்கைப் பிடித்துக்கொண்டு இரண்டு அடி பின்னால் போனாள். "நடந்துக்கினு வருவேன்னுதானடா போன?"

மூன்று மணி நேரம் கழித்து சிவலிங்கம் நடந்தே வந்து சேர்ந்தார். அதற்குள் அக்கா எனக்கு ஒரு கைலி வாங்கித் தந்திருந்தாள். அவர் தண்ணீர் குடித்தார். எல்லார் முன்னாலும், என் முன்னாலும்தான், மகளிடம் சொன்னார்: "பையன் பொய் சொல்றாரும்மா. நடக்கவும் தெரியல, தண்ணியில நிக்கவும் தெரியல. மத்தபடி கெட்டவரா தெரியல. நீ என்ன சொல்ற?"

அமுதா யோசித்தாள்.

"இதுக்கு முன்னால ரெண்டு பேரு வந்தாங்கல்லப்பா. நல்லா நடந்தாங்க. ஒருத்தர் கடைசிவரைக்கும் திரும்பிப் பாக்கவே இல்ல, மாமல்லபுரம் வந்துதான் நின்னாரு. எனக்கு இவரு போதும்ப்பா. இவரால என்னை விட்டுட்டு எங்கயும் ஓட முடியாது."

அம்மாவுக்கு இதில் சந்தோஷப்படுவதா கோபப்படுவதா என்று தெரியவில்லை. சந்தோஷப்படுவது என்று முடிவு செய்தாள். ஆவணியில் கல்யாணம்.

அமுதா சொன்ன அந்த வாக்கியம் இரண்டு குடும்பத்திலும் நிலைத்துவிட்டது. கல்யாண மேடையில் நான் வலம் வரும்போது மாமனாரின் நடை நண்பர்கள், "மெதுவா தம்பி, இன்னும் ரெண்டு சுத்து இருக்கு" என்றார்கள். அதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். கோபம் என்ற ஒரு ஆயுதம் ஆணுக்கு உண்டு. அது என்னிடமிருந்து பிடுங்கப்பட்டுவிட்டது என்பதுதான் கொடுமை.

போன மாதம் வீட்டில் ஒரு சண்டை. (மிக்ஸி வாங்குவதைப் பற்றி. நியாயம் என் பக்கம்.) நான் செருப்பை மாட்டிக்கொண்டு, தெருவுக்கே கேட்கும்படி கத்தினேன்: "இந்த வூட்ல மனுஷன் இருப்பானா? நான் போறேன். கண் காணாத எடத்துக்குப் போறேன்."

அம்மா சீரியலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நடந்தாடா?" என்றாள்.

சமையலறையிலிருந்து அமுதாவின் குரல் வந்தது. "பால் பூத்து வரைக்கும்தான் போவாரு அத்தை. வரும்போது ரெண்டு பாக்கெட் வாங்கிட்டு வரச் சொல்லுங்க."

விறுவிறுவென்று வெளியே போனேன். பால் பூத்து வந்ததும் மூச்சு வாங்கியது. இரண்டு பாக்கெட் வாங்கிக்கொண்டு திரும்பி வந்தேன்.