குங்குமத்துக்கு அடியில் மூன்று எண்கள்

‘தெரியாது’ என்று சொல்லக் கற்றுக்கொள்ள எனக்கு அறுபது வயது ஆனது. அதுவரை யார் எதைக் கேட்டாலும் ஒரு பதில் வைத்திருப்பேன். மழை எப்போது விடும், எந்த பஸ் எங்கே நிற்கும், எதிர்வீட்டுக்காரருக்கு முழங்கால் ஏன் வலிக்கிறது, எல்லாவற்றுக்கும். (பதில் சரியா தப்பா என்பது கேட்டவர் பாடு.) இந்த வியாதி கடைசியில் என்னை ஒரு ஆட்டோவில் ஏற்றி, மடியில் போர்வை சுற்றிய கம்ப்யூட்டரோடு பெங்களூர் ஓரத்துச் சந்தாபுராவுக்கு அனுப்பிவைத்தது.

கம்ப்யூட்டர் எங்களுடையதுதான். கல்யாணமான புதிதில் வாங்கியது. நானூற்று எண்பத்தாறு வகை. எட்டு எம்பி ரேம், நானூற்றிருபது எம்பி ஹார்ட் டிஸ்க், பதினான்கு அங்குலக் கலர் மானிட்டர். இன்றைக்கு ஒரு கல்யாண வீடியோவில் தாலி கட்டும் பகுதிகூட அதில் அடங்காது. ஆனால் பெட்டியின் முன்பக்கம் பச்சை வெளிச்சத்தில் ‘66’ என்று எரியும். அதுதான் வேகம். நீலசந்திராவில் எங்கள் வீட்டுக்கு வந்த ஒருவரையும் அந்த 66-ஐக் காட்டாமல் நான் அனுப்பியதில்லை. பால் பாக்கெட் போட வந்தவர் உட்பட.

பிறகு அது பரணுக்குப் போனது. இருபது வருஷம் அங்கேயே கிடந்தது.

போன வருஷம் என் மனைவி வசந்தி பள்ளியிலிருந்து ஓய்வு பெற்றாள். தமிழ் டீச்சர். அவளுடைய பழைய மாணவிகள் கூடி, பிரிவு உபசார விழாவில் அவள் முன்பு எழுதிய நகைச்சுவை நாடகத்தைப் போடப்போவதாகச் சொன்னார்கள். வசந்திக்கு முகமெல்லாம் பூ. நாடகம் இருந்தது அந்தக் கம்ப்யூட்டரில் மட்டும்.

“நீங்க அப்பவே அதை ஃப்ளாப்பில காப்பி எடுத்து வெச்சேன்னு சொன்னீங்களே?” என்றாள்.

“ஆமா, எடுத்தேனே.”

(எடுக்கவில்லை.)

“அப்ப அந்த ஃப்ளாப்பி எங்க?”

“எதுக்கு ஃப்ளாப்பி? மெஷினையே ஓட்டிக் காட்டறேன். அந்தக் காலத் தமிழ் எழுத்து அந்த மெஷின்லதான் ஒழுங்காத் தெரியும்.”

கடைசி வாக்கியம் தற்செயலாக உண்மை. எங்கள் மகள் காவ்யா ஆபீஸுக்குக் கிளம்பும்போது, “அப்பா, சனிக்கிழமை நான் பாக்கறேன். அதுவரைக்கும் தொடாதீங்க, ப்ளீஸ்” என்று கைகூப்பாத குறையாகச் சொன்னாள். வசந்தியும் மாணவிகளைப் பார்க்கப் போயிருந்தாள். காவ்யாவின் வண்டி தெருமுனை திரும்பியதும் நான் ஸ்விட்சைப் போட்டேன்.

பச்சை 66 எரிந்தது. எனக்குக் கண் கலங்கியது. அடுத்த நிமிஷமே வேறு காரணத்துக்காகக் கலங்கியது. உள்ளே இருந்த சின்ன பேட்டரி செத்துப்போயிருந்ததால் மெஷினுக்குத் தேதி மறந்திருந்தது. தன்னிடம் ஒரு ஹார்ட் டிஸ்க் இருப்பதும் மறந்திருந்தது. நீலத் திரையில் டிஸ்க்கின் அளவைக் கேட்டு மூன்று கட்டங்கள்: சிலிண்டர் எத்தனை, ஹெட் எத்தனை, செக்டார் எத்தனை?

மஞ்சுநாத்துக்குப் போன் போட்டேன். நான் இருந்த தொழிற்சாலையில் எலக்ட்ரிக்கல் பிரிவில் இருந்த கன்னடக்காரர். இப்போது சந்தாபுராவில் கடை வைத்து, பழைய கம்ப்யூட்டர்களைச் சரிசெய்து சேர்த்து வைக்கிறார்.

“சிம்பிள் ரங்கா சார். டிஸ்க் மேல லேபிள் இருக்கும். மூணு நம்பரும் அதுலயே இருக்கும். பாத்து அடிங்க, ஆயித்து, முடிஞ்சுது.”

பெட்டியைத் திறந்தேன். லேபிள் இருந்தது. எண்களைத்தான் காணோம். அந்த இடத்தில் எட்டணா அகலத்துக்குச் சந்தனம், அதன்மேல் குங்குமம், இரண்டும் சேர்ந்து இருபது வருஷமாக இறுகிய ஒரு பாறை.

யார் வைத்தது என்று நீங்கள் கேட்கலாம். ஆயுதபூஜை அன்று பெங்களூரில் பொட்டில்லாத இயந்திரம் ஏது? அதுவும் எங்கள் தொழிற்சாலையில் லேத்தின் மூடிக்கு வைத்தால் ஃபோர்மேன் ஒத்துக்கொள்ளமாட்டார். “சுத்தற பாகத்துக்கு வைப்பா, மூடியா வேலை செய்யுது?” என்பார். அந்தப் பயிற்சியில் வளர்ந்த நான், வருஷாவருஷம் கம்ப்யூட்டரைத் திறந்து ஒவ்வொரு பாகத்துக்கும் தனித்தனியாகப் பொட்டு வைத்தேன். ரேமுக்குச் சின்னது. ஃபேனுக்கு நடுவில். ஹார்ட் டிஸ்க்தான் முக்கியமானது என்று யாரோ சொன்னதால் அதற்கு மட்டும் தாராளமாக. வெள்ளையாக ஒரு இடம் தெரிந்தது, அதில் வைத்தேன். இத்தனைக்கும் தொழிற்சாலையில் என் வேலை குவாலிட்டி இன்ஸ்பெக்டர். அளவு எழுதாத பொருளைக் கையால் தொடமாட்டேன் என்று பெயர் வாங்கியவன்.

ஈரத்துணியால் துடைத்தேன். குங்குமம் போனது. லேபிளில் இருந்த எழுத்தும் கூடவே போனது. கையில் ரோஸ் கலரில் ஒரு ஹார்ட் டிஸ்க்.

“என்ன சார், நம்பர் கெடச்சுதா?” மஞ்சுநாத் இன்னும் லைனில் இருந்தார்.

“கிடைச்சுது, கிடைச்சுது” என்று வைத்துவிட்டேன்.

அப்புறம் செய்ததை எழுதக் கை கூசுகிறது. சிலிண்டருக்கு 1024 அடித்தேன், கம்ப்யூட்டர்காரர்கள் அடிக்கடி சொல்லும் எண் என்பதால். ஹெட்டுக்குப் பத்து, ராவணனுக்கே அவ்வளவுதான், இதற்கு மேல் எதற்கு? செக்டாருக்கு இருபத்தேழு. நட்சத்திரக் கணக்கு.

டிஸ்க் ‘டக்... டக்...’ என்று தலையில் குட்டிக்கொண்டது. திரை, டிஸ்க்கைக் காணோம் என்றது. பரணில் கிடைத்த ஒரு ஃப்ளாப்பியைப் போட்டேன். அது மிக மரியாதையாக, “இந்த டிஸ்க் தயார் நிலையில் இல்லை, புதிதாகத் தயார் செய்யட்டுமா?” என்று ஆங்கிலத்தில் கேட்டது. எவ்வளவு நல்ல மனசு! ஆமாம் என்பதற்கான ‘ஒய்’ மேல் விரலை வைத்தேன். அந்த நேரம் பார்த்து டிஸ்க் கீச்சென்று கத்தியது. நான் அதைவிடச் சத்தமாகக் கத்தி, பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கிவிட்டேன். ஸ்விட்சை அணைக்கலாம் என்பது தோன்றவே இல்லை.

அதற்கப்புறம்தான் அந்த ஆட்டோ. போர்வைக்குள் என்ன என்று டிரைவர் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே வந்தார். “பேஷன்ட்டா சார்?” என்றார். கிட்டத்தட்ட, என்றேன்.

மஞ்சுநாத் பெட்டியைத் திறந்து டார்ச் அடித்தார். பிறகு செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டார்.

“என்ன சார் இது? கம்ப்யூட்டரா, கல்யாணப் பொண்ணா?”

“ஆயுதபூஜை...”

“லேபிள் மேலயா?”

நான் சீலிங் ஃபேனைப் பார்த்தேன்.

“சரி, என்ன நம்பர் அடிச்சீங்க?”

சொன்னேன். ராவணன், ஃப்ளாப்பி வரைக்கும் சொன்னேன். மனிதர் ஸ்டூலில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார். சிரித்து முடித்ததும் அதே நீலத் திரைக்குப் போய், கீழே இருந்த ஒரு வரியில் நின்று ஒரே ஒரு பொத்தானைத் தட்டினார். மூன்று கட்டங்களும் தாமாகவே நிரம்பின: 826, 16, 63.

“டிஸ்க்கைக் கேட்டா அதுவே சொல்லும் சார். லேபிளே வேண்டாம். உங்களுக்குத் தெரியலன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா போன்லயே முடிஞ்சிருக்கும்.”

“நாடகம் போயிடுச்சா?”

“ஏனூ ஆகில்லா, ஒண்ணும் ஆகல. அந்த ஃப்ளாப்பி கேட்டப்ப ஒய் அடிக்கலதானே?”

“பயத்துல பிளக்கைப் பிடுங்கிட்டேன்.”

“அடிச்சிருந்தா மொத்தமும் அழிஞ்சிருக்கும். நீங்க இன்னைக்குப் பண்ணின ஒரே நல்ல வேலை அதுதான்.” பிறகு மதர்போர்டில் எதையோ குனிந்து பார்த்தார். “ஒண்ணு சொன்னா வருத்தப்படமாட்டீங்களே? இது முப்பத்து மூணு சார். முன்னாடி எரியற 66 சும்மா. பின்னாடி சின்னச் சின்ன பின்னை மாத்திக் குத்தினா 99-னுகூட எரியும்.”

அந்தப் பால்காரர் நினைவுக்கு வந்தார். இப்போது எங்கே இருக்கிறாரோ, பாவம்.

அப்போது வசந்தி போன் செய்தாள். “என்னங்க, வீட்ல கம்ப்யூட்டரும் இல்ல, நீங்களும் இல்ல. தரையெல்லாம் குங்குமம். என்ன ஆச்சு, சொல்லுங்க.” நான் வாயைத் திறப்பதற்குள் மஞ்சுநாத் போனை வாங்கி, “மேடம், உங்க டிராமா பத்திரமா இருக்கு. சாரும் பத்திரமா இருக்காரு. அதுக்குக் கியாரண்டி நீங்கதான் தரணும்” என்றார்.

அவருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. திரையில் வந்தது நாடகம்தானா என்று நான்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். இத்தனை வருஷத்தில் அன்றுதான் அதை முதன்முதலாகப் படித்தேன். (டைப் அடிக்கும்போது, “படிச்சுப் பாக்கறீங்களா?” என்று வசந்தி கேட்டிருக்கிறாள். எனக்குக் கதை தெரியும் என்று சொல்லியிருக்கிறேன்.) கதாநாயகன் எல்லாம் தெரிந்தவன். முதல் காட்சியில் சுவர்க் கடிகாரத்தைப் பிரித்து மாட்டுகிறான். மூன்று திருகாணி மிஞ்சுகிறது. ‘கம்பெனிக்காரன் அதிகமாப் போட்டுட்டான்’ என்கிறான். அது எங்கள் வீட்டுக் கடிகாரம். அது என் வசனம்.

“டிராமாதானா சார்?” என்றார் மஞ்சுநாத்.

“தெரியாது” என்றேன். வாழ்க்கையில் முதல்முறையாகச் சொன்னதும் பொய்யாகப் போய்விட்டது.

விழாவில் நாடகம் நடந்தது. கதாநாயகனாக நடித்த பெண் என்னைப் போலவே மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு வந்தாள். அரங்கம் மேடையைப் பாதியும் என்னைப் பாதியுமாகப் பார்த்துச் சிரித்தது. வசந்தி அழுதுகொண்டே சிரித்தாள். நானும் சிரித்துவைத்தேன்.

அதிலிருந்து நான் ஏதாவது உறுதியாகச் சொல்ல ஆரம்பித்தால் காவ்யா தட்டிலிருந்து தலையைத் தூக்காமலே, “ஹெட் எத்தனைப்பா?” என்பாள். இந்த வருஷம் ஆயுதபூஜைக்கு ஸ்கூட்டர், மிக்ஸி, லேப்டாப் மூடி என்று வரிசையாகப் பொட்டு வைத்துவிட்டு, வசந்தி கிண்ணத்தோடு என் முன்னால் வந்து நின்றாள். நெற்றியில் எட்டணா அகலத்துக்குச் சந்தனத்தை அப்பி, நடுவில் குங்குமத்தை அழுத்தினாள்.

“இருக்கட்டும்ங்க. உள்ள என்ன இருக்குன்னு எனக்குத் தெரியும். மத்தவங்களுக்குத் தெரிய வேண்டாம்.”